பழைய வாஷிங் மெஷினில் ஒரு கம்ப்யூட்டர் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹார்ட்வேர் என்றால் தொட்டுப் பார்க்கலாம், சாப்ட்வேரைத் தொட முடியாது என்கிறார்கள். அப்படியானால் புரோகிராம் என்பது எங்கேதான் இருக்கிறது?" நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்து பார்த்தால் பச்சை நிற போர்டும், ஃபேனும், வயர்களும்தான் தெரிகின்றன. புரோகிராம் எங்கும் கண்ணில் படுவதில்லை.

ஆனால் புரோகிராமைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் இயந்திரம் நம் வீடுகளில் பல ஆண்டுகள் ஓடிக் கொண்டிருந்தது. அதுதான் திருகு டைமர் வைத்த பழைய வாஷிங் மெஷின். 1990களில் வாங்கிய அப்படிப்பட்ட இரட்டைத் தொட்டி மெஷின் ஒன்றைச் சரி செய்து, மீண்டும் ஓட வைத்து, நவராத்திரி கொலுவில் பார்வைக்கும் வைத்தேன். அந்த வேலையில் என் கம்ப்யூட்டர் எப்படி உதவியது, அந்த மெஷின் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன கற்றுத் தந்தது என்ற இரண்டையும் இக்கட்டுரையில் பார்க்கலாம்.

மெஷின் வந்த கதை

மெஷின் திருமங்கலத்தில் உள்ள என் பெரியம்மாவினுடையது. சில ஆண்டுகளாக ஓடாமல் வீட்டின் பின்புறம் கிடந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக் கொள்வதாகச் சொல்லியிருந்தார். நான் கேட்டபோது பெரியம்மா ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். "சும்மா துடைச்சு வச்சு அழகு பார்க்கிறதுக்குன்னா எனக்கு வேண்டாம்ப்பா. போர்வை துவைக்கணும். துவைக்கும்னா எடுத்துட்டுப் போ." ஆகவே வேலை இரண்டாயிற்று. காட்சிப் பொருளாகவும் இருக்க வேண்டும். போர்வையும் துவைக்க வேண்டும்.

கொஞ்சம் வரலாறு

வாஷிங் மெஷின் வரலாற்றில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. 1911ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் டி.வி.எஸ். குழுமமாக வளர்ந்தது. அதே 1911ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அப்டன் மெஷின் கம்பெனி என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மோட்டாரில் இயங்கும் துணி துவைக்கும் மெஷின்களைச் செய்த அந்த நிறுவனமே பின்னர் வேர்ல்பூல் ஆயிற்று. ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரு நிறுவனங்களும் 1980களின் இறுதியில் கை கோத்தன. டி.வி.எஸ். வேர்ல்பூல் என்ற பெயரில் பாண்டிச்சேரியில் தொழிற்சாலை அமைத்து ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்களைத் தயாரித்தார்கள். 1995ல் வேர்ல்பூல், கெல்வினேட்டர் ஆஃப் இந்தியாவை வாங்கியது. கூட்டு நிறுவனத்திலும் பெரும்பங்கைத் தன் வசமாக்கிக் கொண்டது. 1996ல் இவை இணைந்து வேர்ல்பூல் ஆஃப் இந்தியா உருவானது.

கம்ப்யூட்டர் வைத்திருப்போருக்கு டி.வி.எஸ். என்ற பெயர் வேறு வழியிலும் பழக்கமாகியிருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி மெக்கானிக்கல் சுவிட்ச் வைத்த டி.வி.எஸ். கோல்டு கீபோர்டு, பில் அடிக்கும் கடைகளில் "டக், டக்" என்று ஒலிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஆகியவை அதே குழுமத்தின் டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள்.

ஆட்டோமேட்டிக் மெஷின் வந்த பிறகும் நம் பக்கத்தில் பல வீடுகள் செமி ஆட்டோமேட்டிக் எனப்படும் இரட்டைத் தொட்டி மெஷினையே வாங்கின. காரணம் தண்ணீர். ஆட்டோமேட்டிக் மெஷினுக்குக் குழாயில் ஓரளவு அழுத்தத்தோடு தண்ணீர் வர வேண்டும். இரட்டைத் தொட்டிக்கு வாளியில் மொண்டு ஊற்றினால் போதும். ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு கலர் துணி, கடைசியில் கால்மிதி என்று மூன்று முறை துவைக்கவும் முடியும்.

முதலில் பாதுகாப்பு

மெஷினைத் திறக்கும் முன் கீழே உள்ளவற்றைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.

1. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கண்ணில் படும் இடத்தில் வைத்திடுங்கள்.

2. உள்ளே கெப்பாசிட்டர் இருக்கும். எலக்ட்ரிக்கல் கடைகளில் இதனைக் கண்டன்சர் என்பார்கள். பிளக்கை எடுத்த பின்னரும் இதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களை இன்சுலேஷன் உள்ள குறடால் பிடித்து, கண்டன்சரின் இரு முனைகளுக்கும் குறுக்கே சில வினாடிகள் வைத்து அந்தச் சார்ஜை இறக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்குரு டிரைவரால் இரு முனைகளையும் சேர்த்துத் தீப்பொறி வர வைப்பது தவறான பழக்கம்.

3. மூன்று முள் பிளக்கில் எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். மூன்று முள்ளை இரண்டாக்கும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்தினால் எர்த் இல்லாமல் போய்விடும். ஈரக் கையோடு தொடும் மெஷினுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வீட்டின் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் அளவில் இயங்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் கூடுதல் பாதுகாப்பு.

4. மின் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் சுத்தம் செய்வது, போட்டோ எடுப்பது, குறிப்பு எழுதுவது ஆகியவற்றோடு நிறுத்திக் கொண்டு, வயரிங் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இவை கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். எர்த் இல்லாத பிளக்கில் கம்ப்யூட்டரை இயக்கினால் கேபினட்டைத் தொடும்போது சுரீர் என்று ஷாக் அடிக்கலாம். அதன் பவர் சப்ளை பெட்டியிலும் பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. ஆகவே அதனை வீட்டில் திறக்கவே கூடாது.

கம்ப்யூட்டரில் ஒரு போல்டர் திறக்கவும்

பழைய மெஷினைப் பிரிப்பது எளிது. திரும்பச் சேர்ப்பதுதான் கடினம். அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக் கொண்டேன். போட்டோ எடுக்காமல் ஒரு வயரையும் கழற்றுவதில்லை.

மொபைல் போனில் எடுத்த போட்டோக்களை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். கேபிளை இணைத்தவுடன் போனில் வரும் அறிவிப்பைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்பர்" என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயுடன் ஈ கீயை அழுத்தினால் ஃபைல் எக்ஸ்புளோரர் திறக்கும். இடது பக்கம் உங்கள் போனின் பெயர் தெரியும். அதில் டி.சி.ஐ.எம்., பின்னர் கேமரா என்ற போல்டர்களுக்குள் சென்றால் படங்கள் கிடைக்கும்.

இனி டாகுமென்ட்ஸ் பகுதியில் கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்று கீகளையும் ஒரு சேர அழுத்துங்கள். புதிய போல்டர் ஒன்று உருவாகும். அதற்கு "வாஷிங் மெஷின்" என்று பெயர் கொடுங்கள். அதற்குள் டைமர், மோட்டார், தொட்டி, வயரிங் என்று நான்கு போல்டர்களை உருவாக்கி, படங்களைப் பிரித்துக் காப்பி செய்திடுங்கள்.

கேமரா தரும் பெயர்கள் வெறும் எண்களாக இருக்கும். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதில்லை. போல்டரைத் திறந்து கண்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுக்கவும். பின்னர் எஃப் 2 கீயை அழுத்தி "டைமர்" என்று டைப் செய்து என்டர் தட்டவும். அனைத்துப் படங்களும் டைமர் என்ற பெயரோடு 1, 2, 3 என வரிசை எண் பெற்றுவிடும்.

பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்று சென்று தமிழைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக் கொள்ளலாம்.

அடுத்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். நான் ஐந்து பத்திகள் அமைத்தேன்: பாகத்தின் பெயர், இருந்த நிலை, செய்த வேலை, செலவு, போட்டோ எண். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் இதில் எழுதிவிடுவேன். இரண்டு வாரம் கழித்து, "இந்த ஸ்குரு எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி எழுந்தால் பதில் இந்தப் பட்டியலில் இருக்கும்.

இன்புட், பிராசஸ், அவுட்புட்

கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாளே சொல்லித் தரும் மூன்று சொற்கள் இன்புட், பிராசஸ், அவுட்புட். கீபோர்டும் மவுசும் இன்புட். உள்ளே நடக்கும் கணக்கு பிராசஸ். திரையில் தெரிவதும் பிரிண்டரில் வருவதும் அவுட்புட்.

வாஷிங் மெஷினில் நாம் திருகும் குமிழ் இன்புட். டைமரும் அதன் சுவிட்சுகளும் பிராசஸ். மோட்டார் சுற்றுவதும், முடிந்ததும் மணி அடிப்பதும் அவுட்புட். பழுது பார்க்கும்போது இந்த மூன்றில் எதில் கோளாறு என்று முதலில் பிரித்துக் கொண்டால் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

பெரியம்மா மெஷினில் வாஷ் குமிழைத் திருகினால் டைமர் "டிக் டிக்" என்று ஓடியது. மோட்டாரிலிருந்து "ம்ம்ம்" என்ற முனகல் கேட்டது. ஆனால் அடியில் உள்ள சுழல் தட்டு சுற்றவில்லை. முனகல் கேட்கிறது என்றால் மோட்டார் வரை மின்சாரம் வருகிறது என்று பொருள். ஆகவே இன்புட் சரி, டைமர் வேலை செய்கிறது, கோளாறு அவுட்புட் பக்கம். பிளக்கை உருவிவிட்டு அடியில் உள்ள புல்லியைக் கையால் சுற்றினேன், தாராளமாகச் சுற்றியது. எனவே எதுவும் இறுகவில்லை. மிச்சம் இருந்தது கண்டன்சர். அதன் மேல் 10 மைக்ரோ ஃபேரட் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டர் 6 என்றுதான் காட்டியது. வலுவிழந்த கண்டன்சரால் மோட்டாருக்குப் புறப்படும் விசையைக் கொடுக்க முடியவில்லை.

டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் புதிய கண்டன்சர் கிடைத்தது. வாங்கும்போது மைக்ரோ ஃபேரட் அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

மற்ற வேலைகள்

ஸ்பின் தொட்டிக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. இரட்டைத் தொட்டி மெஷின்களின் அடிப்பக்கம் திறந்திருந்தால் இது சாதாரணமாக நடப்பதுதான். கடிபட்ட இடத்தில் டேப் சுற்றி ஒப்பேற்றாமல், அந்த வயர் முழுவதையும் மாற்றி, அடியில் எலி புகாதபடி வலை அடித்தேன்.

திருமங்கலத்துப் போர் தண்ணீரின் உப்பு, தொட்டி முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்துப் போட்டு, ஊறிய பின் தேய்த்தால் வந்துவிடும். அதோடு பிளீச்சிங் பவுடர் போன்றவற்றைக் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

வடிகால் குழாயில் இரண்டு சட்டைப் பட்டன்கள், ஊக்கு, ஒரு 25 பைசா நாணயம் ஆகியவை இருந்தன. இந்த 25 பைசா 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போன காசு. மெஷின் எத்தனை காலம் உழைத்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பெல்ட் தளர்ந்திருந்தது. அதன் மேல் இருந்த எண்ணைப் பார்த்து அதே அளவில் புதிது வாங்கி மாட்டினேன்.

வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிப்பவர்கள் இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைக்கும் முறையைக் கையாளுகிறார்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம் வேண்டும். வெளுத்த பின்னும் சில காலத்தில் மஞ்சள் திரும்புவது உண்டு. நான் சோப்புத் தண்ணீரில் கழுவியதோடு விட்டுவிட்டேன். முப்பது வருடம் உழைத்த மெஷின் புதிது போல் நடிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

டைமருக்குள் ஒரு புரோகிராம்

இப்போது கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருவோம். பேனலைக் கழற்றி வாஷ் டைமரை வெளியே எடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது? சாவி கொடுக்கும் கடிகாரம் போல ஒரு ஸ்பிரிங். சில பல் சக்கரங்கள். அவற்றோடு சேர்ந்து சுற்றும், விளிம்பில் மேடும் பள்ளமும் உள்ள பிளாஸ்டிக் வட்டுகள். வட்டின் விளிம்பை ஒட்டி மெல்லிய பித்தளைத் தகடுகள். வட்டின் மேடு வந்தால் தகடு நகர்ந்து ஒரு முனையைத் தொடும். பள்ளம் வந்தால் விலகும். அவ்வளவுதான்.

இந்த வட்டின் மேடு பள்ளங்களை வரிசையாகப் படித்து எழுதினால் இப்படி வரும்:

வரி 1: மோட்டாரை வலப் பக்கம் சுற்று.
வரி 2: ஏறத்தாழ அரை நிமிடம் பொறு.
வரி 3: மோட்டாரை நிறுத்து, சில வினாடிகள் பொறு.
வரி 4: மோட்டாரை இடப் பக்கம் சுற்று.
வரி 5: ஏறத்தாழ அரை நிமிடம் பொறு.
வரி 6: மோட்டாரை நிறுத்து, சில வினாடிகள் பொறு.
வரி 7: நேரம் முடிந்துவிட்டதா? இல்லை என்றால் வரி 1க்குத் திரும்பு. ஆம் என்றால் மணி அடித்து நிறுத்து.

இதுதான் புரோகிராம். செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லும் கட்டளைகளின் தொகுப்பு. வரி 7ல் முதல் வரிக்குத் திரும்பச் சொல்கிறோம் அல்லவா? அதற்குப் பெயர் லூப். "ஆம் என்றால், இல்லை என்றால்" என்று பார்ப்பது நிபந்தனைக் கட்டளை. எந்த மொழியில் புரோகிராம் எழுதக் கற்றாலும் இந்த இரண்டும் முதல் பாடங்களில் வந்துவிடும்.

நடுவில் சில வினாடிகள் நிறுத்துவது ஏன்? வலப் பக்கம் வேகமாகச் சுற்றும் மோட்டாரை உடனே இடப் பக்கம் திருப்பினால் பெல்ட்டும் கியரும் தாங்காது. நின்ற பிறகுதான் திருப்ப வேண்டும். வட்டை வடிவமைத்தவர் இதனை நினைத்து ஒரு பள்ளத்தை விட்டிருக்கிறார். நல்ல புரோகிராம் என்பது இதுதான். வேலையை மட்டுமல்லாமல், வேலை செய்யும் ஹார்ட்வேரையும் நினைத்து எழுதப்பட்டது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வாஷ் மோட்டாரில் சம அளவுள்ள இரண்டு சுற்றுகள் உள்ளன. மின்சாரம் முதல் சுற்றுக்கு நேராகவும் இரண்டாவதற்குக் கண்டன்சர் வழியாகவும் போனால் ஒரு பக்கம் சுற்றும். இதனை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப் பக்கம் சுற்றும். டைமரின் தகடு எந்த முனையைத் தொடுகிறது என்பது மட்டுமே வலமா இடமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டே நிலை. இதைத்தான் கம்ப்யூட்டரில் 0 அல்லது 1 என்று எழுதி ஒரு பிட் என்கிறோம்.

ஸ்பின் தொட்டியின் மூடியைத் திறந்தால் மோட்டார் நின்று பிரேக் பிடிக்கும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும் தொட்டியில் யாரும் கை விட்டுவிடக் கூடாது என்பதற்காக மூடியின் அடியில் ஒரு சிறு சுவிட்ச் உள்ளது. டைமரில் நேரம் மிச்சம் இருந்தாலும் இந்தச் சுவிட்சுக்குத்தான் முன்னுரிமை. சிலர் இந்தச் சுவிட்சை நேரடியாக இணைத்து, மூடி திறந்திருந்தாலும் ஓடும்படி செய்துவிடுகிறார்கள். அதனை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மேடு பள்ளத்தில் கட்டளையை எழுதும் யோசனை புதிதல்ல. கைத்தறிகளின் மேலே துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1804ல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு கொண்டு வந்த முறை அது. துளை இருந்தால் ஒரு நூல் எழும்; இல்லாவிட்டால் எழாது. சேலைக் கரையின் டிசைன் முழுவதும் அட்டையில் இருக்கும். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு இந்த அட்டைகளையே எடுத்துக் கொண்டார்.

வட்டு மறைந்து சிப் வந்தது

அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1937ல் கொண்டு வந்த மெஷினே வீட்டு ஆட்டோமேட்டிக் மெஷின்களுக்கு முன்னோடி. 1974ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.எம்.எஸ். 1000 என்ற மைக்ரோ கன்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிராசசர், மெமரி எல்லாம் ஒரே சிப்பில். இத்தகைய சிப்கள் விலை குறைந்தபோது வாஷிங் மெஷினிலும் புகுந்தன. 1990ல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் ஃபஸ்ஸி லாஜிக் வாஷிங் மெஷினை வெளியிட்டது. துணி எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்பதனை சென்சார்கள் மூலம் பார்த்து நேரத்தைத் தானே முடிவு செய்யும் மெஷின் அது. "அழுக்கு உண்டு, இல்லை" என்று இரண்டாகப் பிரிக்காமல், "கொஞ்சம் அழுக்கு, ரொம்ப அழுக்கு" என்று நாம் பேசுவதைப் போலக் கணக்கிடும் இந்த முறைக்கு 1965ல் அடித்தளம் இட்டவர் லாட்ஃபி ஜாதே.

இதனால் நமக்குக் கிடைத்த நன்மைகள் பல. தண்ணீர் மிச்சமாகிறது. துணி ஒரு பக்கம் குவிந்தால் மெஷின் தானே நின்று சரி செய்கிறது. கோளாறு வந்தால் திரையில் எண்ணாகக் காட்டுகிறது.

ஒன்றை இழந்தும் இருக்கிறோம். வட்டின் மேடு பள்ளத்தைக் கண்ணால் பார்க்கலாம். தகட்டில் கரி படிந்தால் துடைக்கலாம். எந்தத் தெருவிலும் உள்ள எலக்ட்ரீஷியன் அதனைப் புரிந்து கொள்வார். சிப்புக்குள் இருக்கும் புரோகிராமை அவரால் பார்க்க முடியாது. போர்டில் சிறிய கோளாறு என்றாலும் பல நேரங்களில் போர்டு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். கடையில் என்னிடம் கண்டன்சரை எடுத்துக் கொடுத்தவர் சொன்னது இதுதான்: "சார், இந்தப் பழசுன்னா கண்ணால பார்த்தே சொல்லிருவோம். இப்ப வர்றதுல போர்டை மாத்துறதைத் தவிர எங்களுக்கு வேலை இல்ல."

புதிய மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கும்போதே சில வேலைகளைச் செய்துவிட வேண்டும் என்கிறேன். மாடல் எண், சீரியல் எண் உள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். பில்லையும் கையேட்டையும் போட்டோ எடுத்தோ பி.டி.எஃப். ஆகவோ கம்ப்யூட்டரில் வைத்திடுங்கள். இந்தப் போல்டரின் இன்னொரு பிரதியைப் பென் டிரைவிலும் வைக்கவும். இதே வேலையை உங்கள் கம்ப்யூட்டருக்கும் செய்திட வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. கையேடு, உதிரிபாகம், வாரன்டி பற்றிய தகவல்களை நிறுவனங்கள் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாவற்றையும் பூட்டியதும் துணியைப் போட்டுவிடக் கூடாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மெமரி, கீபோர்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே விண்டோஸைத் திறக்கிறது. அதே முறைதான் இங்கும். முதலில் மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றிப் பார்க்கவும். அடுத்து, மெஷின் உடம்புக்கும் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் இணைப்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கவும். பிறகு தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டவும். பிறகு தண்ணீர் மட்டும் ஊற்றி ஒழுகல் உள்ளதா என்று கவனிக்கவும். கடைசியாகத் துணி. ஒரு படியில் கோளாறு தெரிந்தால் அதனைச் சரி செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

கொலுவில் டைமர்

பார்வைக்கு வைப்பதற்கு மெஷினை மின்சாரத்தில் ஓட்ட வேண்டியதில்லை. குழந்தைகள் கூடும் இடத்தில் அது கூடவும் கூடாது. வாஷ் டைமர் ஸ்பிரிங்கில் ஓடுவது. அதற்கு மின்சாரம் தேவையே இல்லை. இதனைப் பயன்படுத்திக் கொண்டேன். சர்வீஸ் கடையில் கழித்துப் போட்ட பழைய வாஷ் டைமர் ஒன்றை வாங்கினேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

தேவையானவை: பழைய வாஷ் டைமர், இரண்டு பென் டார்ச் பேட்டரிகள், அவற்றை மாட்டும் ஹோல்டர், சிவப்பு, மஞ்சள் எல்.இ.டி. ஒவ்வொன்று, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

1. மல்டிமீட்டரைப் பீப் ஒலி வரும் நிலையில் வைத்து, டைமரைத் திருகிவிட்டு அதன் வயர்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். வயர்களின் எண்ணிக்கை மெஷினுக்கு மெஷின் மாறும். அரை நிமிடம் ஒலித்து, பின் நின்று, மீண்டும் ஒலிக்கும் ஜோடி கிடைக்கும். அதில் ஒரு வயர் பொது வயர். அது ஒலிக்காத நேரத்தில் பொது வயரோடு சேர்ந்து ஒலிக்கும் மூன்றாவது வயரையும் கண்டுபிடியுங்கள்.

2. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ரெசிஸ்டர் வழியாகப் பொது வயருக்கு இணைப்புக் கொடுங்கள்.

3. மற்ற இரு வயர்களில் ஒன்றைச் சிவப்பு எல்.இ.டி.யின் நீளமான காலிலும், மற்றதை மஞ்சள் எல்.இ.டி.யின் நீளமான காலிலும் இணையுங்கள். இரண்டின் குட்டைக் கால்களையும் சேர்த்துப் பேட்டரியின் மைனஸ் முனைக்குக் கொடுங்கள்.

4. குமிழைத் திருகுங்கள். சிவப்பு எரியும்; அணையும்; மஞ்சள் எரியும்; அணையும். நேரம் முடியும் வரை இது தொடரும்.

மொத்தம் 3 வோல்ட்தான் என்பதால் குழந்தைகள் தாராளமாகத் தொடலாம். டைமரின் மேல்மூடிக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டைப் பொருத்தினால் வட்டுகள் சுற்றுவதும் தெரியும்.

கொலுவின் கடைசிப் படிக்குக் கீழே மெஷினை நிறுத்தி, பக்கத்தில் இந்த டைமர் பலகையை வைத்தேன். மேலே சொன்ன ஏழு வரிகளையும் வேர்டில் பெரிய எழுத்தில் தமிழில் டைப் செய்து, பிரின்ட் எடுத்து ஒட்டினேன். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் வரியில் விரலை வைத்துக் கொண்டு, "இப்ப வரி 3, இப்ப வரி 4" என்று விளக்கோடு சேர்த்துப் படித்தார்கள். ஆறாவது படிக்கும் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மாமா, வரி 2ல ஒரு நிமிஷம்னு மாத்தணும்னா என்ன செய்யணும்?" வட்டை வேறு மாதிரி வெட்ட வேண்டும் என்றேன். "கம்ப்யூட்டர்ல?" என்றாள். "டைப் அடிச்சு மாத்தினா போதும்." ஹார்ட்வேருக்கும் சாப்ட்வேருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஆயுத பூஜையன்று மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்தே சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. கம்ப்யூட்டருக்கு வைக்கும்போது காற்று போகும் துளைகளிலும் யு.எஸ்.பி. துளைகளிலும் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள். விஜயதசமி முடிந்த வாரமே மெஷின் திருமங்கலம் போய்விட்டது. இப்போது போர்வை துவைக்கிறது.

தூக்கிப் போடும் முன்

எல்லாப் பழைய மெஷினையும் மீட்க முடியாது. தொட்டி வெடித்திருந்தால், மோட்டார் சுற்று எரிந்திருந்தால் செலவு கட்டுப்படியாகாமல் போகலாம். அப்போதும் நல்ல டைமர், பெல்ட், சுவிட்ச் ஆகியவற்றைக் கழற்றி வைத்தால் இன்னொரு மெஷினுக்கு உயிர் கொடுக்கும். மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுப்பதே முறை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் வாஷிங் மெஷினும் அடங்கும், கம்ப்யூட்டரும் அடங்கும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு மிக்சி, கிரைண்டர், மின் விசிறி ஆகியவற்றில் இன்புட், பிராசஸ், அவுட்புட் எவை என்று பட்டியலிடுங்கள். பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் அமையுங்கள்.

2. இட்லி மாவு அரைக்கும் வேலையை, மேலே வாஷிங் மெஷினுக்கு எழுதியது போல வரி வரியாக எழுதுங்கள். எந்த வரியில் "ஆம் என்றால், இல்லை என்றால்" வருகிறது? எங்கிருந்து எங்கு திரும்புகிறீர்கள்?

3. உங்கள் கம்ப்யூட்டரின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் கண்டுபிடித்து, போட்டோ எடுத்து, ஒரு போல்டரில் சேமியுங்கள்.

மூன்றாவது பயிற்சியை இன்றே முடித்துவிடுங்கள். கம்ப்யூட்டர் ஓடாமல் போன நாளில் அந்த எண்தான் முதலில் தேவைப்படும். அந்தப் படம் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.